சந்தைவெளியில் ஊதிய குழல்

திருவருகைக் காலம், இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை
எசாயா 48:17–19, மத்தேயு 11:16–19



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கொஞ்சம் சலிப்போடு பேசுகிறார். சந்தைவெளியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூட்டம், கல்யாண வீடு விளையாடலாம் வாருங்கள் என்று குழல் ஊதுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டம் அசையவில்லை. சரி, அது பிடிக்கவில்லையா, சாவு வீடு விளையாடலாம் என்று முதல் கூட்டம் ஒப்பாரி வைக்கிறது. அதற்கும் எதிர்க்கூட்டத்தில் ஒருவர் கையும் மாரில் படவில்லை. இதைச் சொன்ன கையோடு இயேசு தம் காலத்து ஆட்கள் பக்கம் திரும்புகிறார். யோவான் நோன்பிருந்து வந்தார். அவருக்குப் பேய் என்றீர்கள். மானிடமகன் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வந்தார். அவரைத் தீனிக்காரன், குடிகாரன், கெட்டவர்களுக்குக் கூட்டாளி என்கிறீர்கள். உங்களுக்கு எந்தக் குழலைத்தான் ஊதுவது?

இந்தப் பகுதி ஒவ்வொரு ஆண்டும் டிசம்பரில், மார்கழி பிறக்கிற நேரத்தில்தான் நமக்கு வருகிறது. சென்னையில் இப்போது சபா சபாவாகக் கச்சேரி நடக்கும். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து வளர்ந்த வழக்கம் அது. நமக்கு இங்கே சபா இல்லை. உளுந்துக் காட்டில் களை, மிளகாய்ச் செடியில் பூச்சி, மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி, அதுதான் விளாத்திகுளத்தின் மார்கழி.

ஆனாலும் இது பாட்டுக் கேட்ட ஊர். காடல்குடி ஜமீன் குடும்பத்தில் வந்த நல்லப்ப சுவாமிகள் இங்கேதான் வாழ்ந்தார்; 1889-ல் பிறந்தவர். ஊர்ப்பெயரையே அவருக்குப் பெயராக்கி விளாத்திகுளம் சுவாமிகள் என்றே நாடு அழைத்தது. கரகரப்பிரியா ராகம் என்றால் அவர் நினைவுக்கு வருவார். இடைசெவலிலிருந்து எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவரைத் தேடி வந்து பழகினார்கள். ஒரே ராகத்தை அவர் பாடிக்கொண்டே எட்டயபுரம் வரை நடந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எத்தனை மைல், எத்தனை மணி என்ற கணக்கை விடுங்கள். அந்த வழியில் கரிசலில் குனிந்து வேலை பார்த்தவர்கள் நிமிர்ந்து கேட்டிருப்பார்கள் அல்லவா, எனக்கு அவர்கள்தான் முக்கியம். டிக்கெட் கிடையாது, முன்வரிசை கிடையாது. காது மட்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று குழலைப் பற்றிக் கொஞ்சம் பேச நினைக்கிறேன். நற்செய்தியில் அது வருகிறது என்பது ஒரு காரணம். நம் தமிழ்நாட்டில் குழல் ஊதிய சிலருடைய வாழ்க்கை இந்த நற்செய்திக்கே விளக்கவுரை மாதிரி இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

கர்நாடக சங்கீதக் குழலை அருகில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சாண், ஒன்றரைச் சாண் மூங்கில் துண்டு. ஊதுவதற்கு ஒரு துளை, விரல்களுக்கு எட்டுத் துளை. வீணையில் மெட்டு இருக்கிறது, ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது. குழலில் எதுவும் கிடையாது. துளையைப் பாதி மூடி, கால்வாசி மூடி, விரலின் சதையை மெல்ல உருட்டித்தான் கமகம் வரவேண்டும். உதடு ஒரு நூல் நகர்ந்தால் சுரம் நழுவிவிடும். இன்னொன்று. பக்கவாட்டில் பிடித்து ஊதுகிற வாத்தியம் ஆகையால், வாசிப்பவர் தம் விரல்களைப் பார்க்கவே முடியாது. கண் உள்ளவரும் அங்கே கண்ணில்லாதவர்தான்.

இது சரபசாஸ்திரியாருக்கு உதவியது. 1872-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் பார்வை போய்விட்டது. அந்தக் காலத்தில் குழல் என்றால் பஜனையில் ஒரு ஓரம், நாடகத்தில் ஒரு ஓரம். அதைத் தனிக் கச்சேரி மேடையின் நடுவில் உட்காரவைத்தவர் இவர். 1904-ல் இறந்தபோது வயது 32. அதற்குள் ஒரு பாரம்பரியத்தையே உண்டாக்கிவிட்டார். பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய சீடர், பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர். கண் தெரியாத பிள்ளை இருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் நாமும் அதையேதான் பேசுகிறோம். யார் செய்த பாவமோ என்போம். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்களே ஆண்டவரிடம் அதைக் கேட்கிறார்கள். அவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். கடவுளின் செயல் வெளிப்படுகிற இடம் இது என்றார். கும்பகோணத்துத் தெருவில் அது குழலாக வெளிப்பட்டது.

அடுத்தவர் மாலி. முழுப்பெயர் டி. ஆர். மகாலிங்கம். சினிமாவில் பாடி நடித்த சோழவந்தான் டி. ஆர். மகாலிங்கம் வேறு, கொடை வீட்டு மைக்செட்டில் நீங்கள் கேட்டு வளர்ந்தது அவரை. நான் சொல்வது திருவிடைமருதூரில் 1926-ல் பிறந்தவரை. 1933-ல், பால் பல் விழுகிற வயதில், மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் முதல் கச்சேரி. அதுவரை குழல் வாசிப்பில் நாக்கால் தட்டித் தட்டி வேகமாக உதிர்க்கிற துத்துக்காரம்தான் பெரிதாக இருந்தது. மாலி கனமான மூங்கிலை எடுத்தார், விரல் பிடிக்கிற முறையையே மாற்றினார், தொண்டையில் பாடுவதைப்போலவே குழலைப் பாடவைத்தார். அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கேட்டுப்பாருங்கள். நடுவில் சும்மா இருப்பார். பதிவு நின்றுபோயிற்றோ என்று நாம் கைப்பேசியைத் தட்டுவோம். பிறகு, எங்கே விட்டாரோ அங்கிருந்து ஒரு மெல்லிய இழுப்பு வரும். துக்கத்தில் இருக்கிற மனிதனோடு பேசத் தெரிந்தவர்களுக்கு அந்த மௌனம் புரியும். நாமோ துக்க வீட்டில் ஒரு நிமிடம் வாயை மூட மாட்டோம்.

ஆனால் கச்சேரிக்கு மாலி வருவாரா என்பது கச்சேரி அன்றைக்குத்தான் தெரியும். நேரம் கடந்து வருவார், பாதியில் எழுந்து போவார், சில நாள் வரவே மாட்டார். குடி அவரைப் பிடித்திருந்தது. இது மறைத்துப் பேசப்பட்ட செய்தி இல்லை, இசை உலகமே எழுதியும் பேசியும் இருக்கிறது. அரசு கொடுக்க வந்த பத்ம பூஷண் விருதை வேண்டாம் என்றார். சில ஆண்டுகள் அமெரிக்காவில் போய் இருந்தார், திரும்பி வந்தார், 1986 மே 31 அன்று காலமானார். அறுபது வயது நிறையவில்லை.

டிக்கெட் வாங்கிக் காத்திருந்து ஏமாந்தவர்களின் கோபம் நியாயமானது, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடிகாரன் என்ற அந்த ஒரு சொல்லோடு கதையை முடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் மேல் எறியப்பட்டதும் அதே வசவுதான். ஆண்டவர் விஷயத்தில் அது பொய், மாலி விஷயத்தில் அதில் உண்மை இருந்தது. அந்த வித்தியாசத்தை மழுப்புவதற்கு நான் இங்கே நிற்கவில்லை. இரண்டு இடத்திலும் தெரு நடந்துகொண்ட விதம் மட்டும் ஒன்றே: ஊதுகிறவனிடம் ஒரு குறையைக் கண்டுபிடி, பிறகு குழலைக் கேட்க வேண்டிய கடமை தீர்ந்தது. யோவானிடம் கண்டுபிடித்தார்கள், இயேசுவிடம் இட்டுக்கட்டினார்கள். குறைதேடுகிறவனுக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. கொடுக்க ஆள் வந்தும் அவன் கை நீட்டுவதில்லை.

இதை முடித்ததும், கலைஞன் என்றால் குடிப்பான் என்று சாமியே பூசையில் சொல்லிவிட்டார் என யாரும் டாஸ்மாக் பக்கம் போக வேண்டாம். மாலியின் குடி அவருடைய இசைக்கு ஒரு சுரத்தையும் சேர்க்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய கச்சேரிகளைத்தான் அது குடித்தது. இந்த ஊரில் குடி எத்தனை வீட்டு மிளகாய்ப் பணத்தைத் தின்கிறது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மாலியிடம் வந்து சேர்ந்த ஒரு பையனைப் பாருங்கள். திருவாரூரில் 1934-ல் பிறந்த என். ரமணி. தாத்தா ஆழியூர் நாராயணசாமி ஐயரே குழல் வித்வான், வீட்டிலேயே அடிப்படை ஆகிவிட்டது. பிறகு மாலியிடம் சீடரானார். குரு எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். குருவிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை அங்கேயே விட்டுவிடுவது என்பதும் தெரிந்திருந்தது. உலகமெங்கும் போய் வாசித்தார், சென்னையில் குழலுக்கென்றே ஒரு பள்ளி வைத்துப் பிள்ளைகளை உருவாக்கினார், 1996-ல் சங்கீத கலாநிதி ஆனார், 2015 வரை இருந்தார். மாலியைக் குடிகாரன் என்று ஒதுக்கிவிட்டுப் போனவர்கள் கையில் என்ன மிஞ்சியது என்பதையும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ரமணி கையில் என்ன மிஞ்சியது என்பதையும் நீங்களே நினைத்துப்பாருங்கள்.

இன்னொரு கேள்வி எனக்கு உண்டு. ஆயிரம் பேருக்கு மன ஆறுதல் கொடுத்த அந்த மாலிக்கு ஆறுதலாக யார் குழல் ஊதினார்கள்?

சாமுவேல் முதல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சவுல் மன்னனைத் தீய ஆவி ஒன்று அலைக்கழிக்கிறது. நல்ல யாழ் வாசிப்பவன் ஒருவனைத் தேடலாம் என்று அரண்மனையில் யோசனை சொல்கிறார்கள். பெத்லகேமில் ஆடு மேய்க்கிற தாவீது வருகிறான். சவுலுக்குத் தொல்லை வரும்போதெல்லாம் தாவீது யாழை எடுப்பான், சவுலுக்கு நெஞ்சு லேசாகும். இது பதினாறாம் அதிகாரம். இசையால் நோய் தணிகிறது என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தைக் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள், பதினெட்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். போர் முடிந்து திரும்பும்போது பெண்கள் ஆடிப்பாடி, சவுலுக்கு ஆயிரம் என்றும் தாவீதுக்குப் பதினாயிரம் என்றும் கணக்குச் சொல்லி வரவேற்கிறார்கள். சவுலின் முகம் அன்றைக்கு மாறியதுதான். மறுநாள் மறுபடியும் அந்தத் தீய ஆவி வருகிறது. தாவீது வழக்கம்போல யாழ் வாசிக்கிறான். சவுல் கையில் ஈட்டி. வீசுகிறான்.

வழக்கம்போல என்று வேதாகமம் சொல்வதைக் கவனியுங்கள். அதே விரல், அதே யாழ். தாவீது ஒரு சுரத்தையும் தப்பாக மீட்டவில்லை. மாறியது சவுலின் காது. அந்தக் காதில் பதினாயிரம் என்ற எண் ஏறி உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பிறகு யாழுக்கு அங்கே இடமில்லை. நேற்று வரைக்கும் மருந்தாக இருந்தது இன்றைக்கு எரிச்சல் மூட்டுகிறது.

இந்த ஈட்டி நம் வீடுகளிலும் உண்டு. படுக்கையில் கிடக்கிற மாமியாரைக் குளிப்பாட்டுகிற மருமகளுக்குக் கிடைப்பது என்ன? வெந்நீர் சூடு போதவில்லை என்ற பேச்சு. அண்ணன் தம்பி வழக்கைத் தீர்க்க நடையாய் நடக்கிறவருக்குக் கிடைப்பது, இவனுக்கு இதில் என்ன வரும்படியோ என்ற சந்தேகம். நம் கிராமங்களில் உபதேசியார்களைப் பாருங்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நடு இரவில் எழுந்து போகிறவர்கள். செபம் சொல்லி, பாட்டுத் தொடங்கி, குழி மூடும் வரைக்கும் நின்றுவிட்டு வருவார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பாட்டுத் தொடங்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. நான் இங்கே வந்த பிறகு பார்த்து வெட்கப்பட்ட காரியங்களில் இது ஒன்று.

தாவீதைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கில்போவா மலையில் சவுல் செத்தபோது, அவருக்காக முதலில் ஒப்பாரி பாடியது தாவீதுதான். சாமுவேல் இரண்டாம் நூல் அந்தப் புலம்பலோடுதான் தொடங்குகிறது. ஈட்டி வாங்கியவன், எறிந்தவனுக்காக அழுதான். யூதா மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் சொன்னான்.

மத்தேயு நற்செய்தியில் குழல் இன்னொரு இடத்திலும் வருகிறது, ஒன்பதாம் அதிகாரத்தில். தலைவர் ஒருவருடைய மகள் இறந்துவிட்டாள். இயேசு வீட்டுக்குள் போகிறார். அங்கே குழல் ஊதுவோரும் கூக்குரலிடும் கூட்டமும். யூத வழக்கத்தில் அது கட்டாயம். எவ்வளவு ஏழையானாலும் மனைவியை அடக்கம் செய்ய இரண்டு குழலுக்கும் ஒரு ஒப்பாரிக்காரிக்கும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அவர்களுடைய சட்ட நூலான மிஷ்னா சொல்கிறது. இயேசு அவர்களை வெளியே போகச் சொன்னார். இசை மேல் அவருக்கு வெறுப்பு இல்லை. சிறுமி சாகவில்லை, உறங்குகிறாள் என்று அவர் சொன்னதும் அந்தக் கூட்டம் சிரித்தது. ஒரு நிமிடத்துக்கு முன் கதறிக்கொண்டிருந்த வாய்! அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரம் இருக்குமானால், அந்த அழுகை உள்ளேயிருந்து வந்ததாக இருக்க முடியாது.

நம்முடைய சாவு வீட்டுக்குப் போவோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ், அதில் இறந்தவரைவிடக் கட்சிக்காரர் படம் பெரிது. வாடகை நாற்காலி, ஸ்பீக்கர் செட், அதில் யாரோ பதிவு செய்த இரங்கற்பாட்டு, மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி. உள்ளே பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கொட்டும் உருமியும் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கலைஞர்கள் வெயிலில் மணிக்கணக்கில் நின்று கை வலிக்க அடிக்கிறார்கள். என் வருத்தம் வேறு. அவர்களுக்குப் பந்தலுக்குள் ஒரு நாற்காலி போடுகிறோமா? டீயை எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி கையில் கொடுக்கிறோமா, தூரத்தில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறோமா? நம்முடைய துக்கத்தைச் சுமக்க ஆள் வேண்டும், அந்த ஆள் மட்டும் நம் திண்ணையில் உட்காரக்கூடாது. கத்தோலிக்க வீட்டிலும் இது நடக்கிறது என்பதால்தான் பீடத்தருகே நின்று சொல்கிறேன்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் பெயரை இங்கே சொல்ல வேண்டும். கத்தோலிக்கர், 1826-ல் குளத்தூரில் பிறந்தவர். நம் பக்கத்துக் குளத்தூர் இல்லை, திருச்சிப் பக்கத்துக் குளத்தூர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை அழித்தபோது பஞ்சத்தைப் பற்றிக் கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். பாடிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, தம் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சைவர், இவரைப் புகழ்ந்து பாட்டே கட்டினார். பசித்தவனுக்குப் பாட்டு மட்டும் போதாது என்று பாட்டுக்காரருக்கே தெரிந்திருந்தது.

முதல் வாசகத்துக்கு வருகிறேன். எசாயா வழியாகக் கடவுள் ஏக்கத்தோடு பேசுகிறார்: நீ மட்டும் என் கட்டளைகளுக்குச் செவிகொடுத்திருந்தால், உன் நிறைவாழ்வு ஆறு மாதிரி ஓடியிருக்குமே என்று. வைப்பாற்றங்கரைக்காரர்களுக்கு இந்த வாசகம் கொஞ்சம் சிரமம். பாலத்தில் நின்று பார்த்தால் மணல் அள்ளிய பள்ளமும் சீமைக்கருவேலமும்தான் ஆறு. வந்தாலோ, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தில் பெய்தது மாதிரி வரும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அப்போது நமக்கு ஆறுதல் எப்படி வந்தது? கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் கிடந்தவர்களைத் தூக்கிப் படகில் வைத்தபோது யாரும் அவர்களிடம் சாதி கேட்கவில்லை, நீ குடிப்பாயா என்று கேட்கவில்லை. தண்ணீர் கழுத்தளவு நின்றபோது நம் காது நன்றாகத்தான் கேட்டது. வடிந்த பிறகுதான் பழையபடி அடைத்துக்கொண்டது.

எசாயா சொல்வதில் ஒன்று உறுத்துகிறது. கடவுள் ஆற்றை அனுப்பவில்லை என்று அங்கே இல்லை. கேட்டிருந்தால் என்றுதான் இருக்கிறது. மெசியா வருகிறார், வருகிறார் என்று நான்கு மெழுகுதிரி வைத்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அவர் வந்தால் என்ன கோலத்தில் வருவார் என்று நமக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது. அதற்கு ஒத்துவராத ஆளை உள்ளே விட மாட்டோம். கிறிஸ்து பிறந்த செய்தியை முதலில் கேட்டது இடையர்கள். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்த நம் காடுகளில் ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிகளைப் பாருங்கள், அப்படிப்பட்ட ஆட்கள். குடிலில் சுண்ணாம்பு பொம்மையாக வைத்தால் அவர்களைக் கும்பிடுகிறோம். ஆடும் வலையுமாக நிஜமாக வந்தால் கோயில் வளாகத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடுகிறோமா? கேட்டுவைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. புனித சவேரியார் 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். வேம்பாரும் வைப்பாறும் அவர் காலத்து ஊர்கள்தான். கைமணி அடித்துத் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகளைப் பார்க்க வரச்சொல்லி அவருக்கு நாலு பக்கமும் அழைப்பு வந்தது. ஓர் ஆள் எத்தனை இடத்துக்குப் போக முடியும்? செபம் கற்ற சிறு பிள்ளைகளை அந்த வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் புனிதர்கள் இல்லை. வழியில் சண்டை போட்டிருக்கும், மாங்காய் அடித்திருக்கும். இருந்தாலும் அனுப்பினார், வீட்டுக்காரர்களும் கதவைத் திறந்தார்கள்.

நம் பங்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. மாதம் ஒரு முறை நற்கருணை கொண்டுபோகிறேன். ஐந்து நிமிடம் இருக்கிறேன், அடுத்த வீட்டுக்கு ஓடுகிறேன். வருகிற ஞாயிறு முதல் நம் பாடகர் குழுப் பிள்ளைகள் மாலையில் ஒரு வீட்டுக்கு இருவர் என்று போவார்கள். குழல் படிக்கிற தம்பி குழலை எடுத்துக்கொண்டு போகட்டும். இன்னும் மூன்று பாட்டுத்தான் சுத்தமாக வரும் என்று கூச்சப்படுகிறான். மூன்று போதும். கீபோர்டு வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு போய், பிளக் தேடி, அதற்குள் இருக்கிற தயார் தாளத்தைத் தட்டிவிடுவதற்குள் பெரியவர் தூங்கிவிடுவார். பாட்டு முடிந்ததும் உடனே எழுந்து வந்துவிடக்கூடாது, பெரியவர் பேசினால் கேட்க வேண்டும். அவர் நூறு தடவை சொன்ன கதையாக இருந்தாலும் சரி. அந்தப் பட்டியலில், இருபத்தைந்து வருஷம் இந்த ஊரில் எல்லாச் சாவுக்கும் பாட்டுத் தொடங்கிய ஓர் உபதேசியாரும் இருக்கிறார். முதல் வாரம் அவர் வீட்டுக்கு நானும் வருகிறேன்.

அனுப்ப விருப்பமுள்ள பெற்றோர் நாளை மாலைக்குள் கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுங்கள். பிள்ளைகள் வருகிற வீட்டில், அந்த அரைமணி நேரம் டிவியை அணைத்துவைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.